மருதாயியின் உப்பு டப்பா

"அந்த மூலையில இன்னொரு பூ போடுங்க. மொட்டையா கெடக்கு."

"பூவப் பாத்து அட்டை பயந்து ஓடிருமா? உள்ளாற உப்பும் தீப்பெட்டியும் இருந்தா பத்தாதா?"

"அப்ப எதுக்கு விடிஞ்சதுலேர்ந்து டொக்கு டொக்குன்னு தட்டுறீங்களாம்?" என்றாள் மனைவி தெய்வம்மா.

இருளப்பன் சிரித்தான். லயத்து வரிசை வீட்டு வாசலில் குந்தியிருந்தான். பழைய புகையிலை டப்பாவுக்குள் ஈர மணலை இறுக்கி அடைத்து மூடியிருந்தான். இல்லாவிட்டால் தகரம் நசுங்கிவிடும். ஆணியை நிறுத்தி உருண்டைக் கல்லால் மெல்லத் தட்டினான். புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி. கொஞ்சம் ஓங்கிவிட்டால் ஓட்டை. மழை இறங்கி உப்பு கரைந்துபோகும். மூடியில் மகள் மருதாயியின் பெயர் முடிந்து, அதைச் சுற்றி ஒரு கொடி பாதிவரை ஓடியிருந்தது.

கோத்தகிரிக்குக் கீழே காட்டை வெட்டி வைத்த புதுத் தேயிலைத் தோட்டம் அது. மழை விழுந்தால் கால் கொள்ளாத அட்டை; உப்போ நெருப்போ பட்டால்தான் கடியை விடும். முன்பு இலங்கைத் தோட்டத்தில் வேலை பார்க்கையில் மருதாயி உப்பைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகுவாள். நனைந்து வழிந்து இடுப்பெல்லாம் புண்ணாகும். இந்தியாவுக்குத் திரும்ப மனுக் கொடுத்து வாங்கிய குடும்பப் பாஸ்போர்ட்டில் அவள் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அடுத்த கப்பலில் அனுப்புவதாக அதிகாரிகள் சொன்னதை நம்பி, அவளைத் தாய்மாமன் லயத்தில் விட்டுவிட்டு, அவனும் தெய்வம்மாவும் சின்னவர்களோடு கப்பலேறினார்கள்.

தோட்ட ஆபீஸ் கிளார்க் ஜஸ்டஸ் குடையை மடக்கியபடி மேடேறி வந்தார். தெய்வம்மா எழுந்து நின்றாள்.

"ஏனுங்க இருளப்பன், உங்க பொண்ணு விசயமா ஊட்டி ஆபீசுல கேட்டேனுங்க." அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு குடையைப் பார்த்தே பேசினார். "நீங்க மனுக் குடுத்தப்பவே அதுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சாமுங்க. தனியா மனுக் குடுத்திருக்கோணுமாமா. குடுக்காததால, இனி இங்க கூப்பிட வழியில்லைன்னுட்டாங்க."

"பதினெட்டா? அவளுக்கு அப்பத்தான் பதினாறு சாமி!" என்றாள் தெய்வம்மா.

"இலங்கைத் தோட்டத்துப் பதிவுல அப்படித்தான் இருக்குதாமுங்க."

கல் இருளப்பனின் கையிலேயே நின்றுவிட்டது. அவன் கால் முறிந்து கிடந்த வருசம், பதினாலு வயதுப் பிள்ளையைப் பதினாறு என்று சொன்னது அவன்தான். பெரியாளாகப் பேர் பதிந்தால்தான் முழுச் சம்பளம். "வளத்தியான புள்ளதானே, எவன் பல்லப் புடிச்சுப் பாக்கப் போறான்?" என்று சிரித்துக்கொண்டே கங்காணி பேர் பதிந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

தெய்வம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜஸ்டஸ் குடையை விரித்தார். இருளப்பன் எழுந்து, மணல் ஒட்டிய கையால் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, பதினாறுன்னு எழுதிக் குடுங்கய்யா. அந்த ரெண்டு வருசத்தக் கழிச்சிப்புடுங்க. அவ கூடுதலா வாங்குன சம்பளத்த, நான் பாடுபட்டுத் திருப்பிக் கட்டிடுறேன்யா."