அரை விரல் ஆட்டம்

சாவுக்கென்று போட்ட கறுப்புக் கால்சட்டையோடு, மார்வின் பிக்கப்பின் தரைவிரிப்பைச் சுருட்டித் தள்ளிவிட்டு, பெடலுக்குக் கீழிருந்த வட்டத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு தேவாலயம். அதற்குள் பிரேக் ஆயில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அப்பாவை அவருடைய ஐம்பத்தொன்றாம் வருடத்து ஷெவர்லே பிக்கப்பிலேயே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதென்று செவ்வாய்க்கிழமையே முடிவாகிவிட்டது. ஓட்டப்போவது மார்வின். அதை யாரும் தீர்மானிக்கவில்லை, அவனே அறிவித்துவிட்டான். பேரத்தில் முதலில் விலை சொல்பவன் தோற்பான் என்பது அப்பா லூமிர் ஹவேல்கா மகனுக்குச் சொல்லித்தந்த பாடம். சாவு வீட்டில் அது தலைகீழ். முதலில் வாயைத் திறந்தவனுக்கே சரக்கு.

தகடு பெயர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவன் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கீழே இருந்திருக்க வேண்டியது, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும், துருப்பிடித்த பழைய மாஸ்டர் சிலிண்டர். ஒற்றை அறை. எங்கே ஓர் ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து கையை விரித்துவிடும். ஆனால் அங்கே இருந்தது புத்தம்புதியது, இரட்டை அறை. முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் வண்டியை நிறுத்தும்.

இதை மாற்றச் சொல்லி ஆறு வருடம் மன்றாடியவன் மார்வின். "இத்தனை வருஷமா ஒத்தை அறையிலதான் நின்னுது. நிக்காம அயோவா வரைக்கும் போயிடுச்சா?" என்பார் கிழவர். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் மார்வினே இரட்டை அறை சிலிண்டரை வாங்கி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தான். "பாக்கலாம்" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அவர் வாயில் 'பாக்கலாம்' என்றால் கடையைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

மார்வின் எழுந்துபோய் அந்தப் பெட்டியை எடுத்தான். கையில் கனமே இல்லை. ரிப்பனைத் திரும்ப அழகாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

திரும்பிவந்து சிலிண்டர் மூடியைத் துடைத்தான். வெள்ளை மார்க்கரில் எழுதியிருந்தது: மார்ச் 9, டெல்பர்ட்.

டெல்பர்ட் தங்கை ஆர்லீனின் புருஷன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், பழுதும் பார்க்கிறான். கை வைத்த சாமான் எதிலும் தேதியும் பேரும் எழுதாமல் விடமாட்டான். மார்ச் ஒன்பது சனிக்கிழமை. மார்வின் அன்று டிராக்டர் ஏலத்துக்குப் போயிருந்தான்.

வேலை நடந்ததில் அவனுக்கு வருத்தமில்லை. ஆறு வருடம் வலைவீசியும் சிக்காத வாடிக்கையாளர், எதிர்க்கடையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு இறங்கி வருவதைப் பார்த்த கடைக்காரனுக்கு வயிற்றில் என்ன எரியுமோ அது எரிந்தது. அதிலும், பை நிறைய இவன் கடைச் சரக்கு.

குனிந்து பெடலைக் கையால் அழுத்தினான். முதல் அரை விரல் அளவுக்கு எதிர்ப்பே இல்லை, தொளதொளவென்று போனது. அதன் பிறகுதான் பிடித்தது.

"லட்சணம்" என்றான் சத்தமாக.

மார்வின் நாற்பத்தொன்பது வயதில் இருபத்தாறு வருடம் டிராக்டர் விற்றவன். விற்பவனுக்குப் பழுது பார்க்கவும் தெரியும் என்ற நினைப்பு இருப்பது சகஜம். ஸ்பேனரோடு வண்டிக்கடியில் புகுந்து, லாக் நட்டைத் தளர்த்தி, பெடலையும் சிலிண்டரையும் இணைக்கும் ராடை ஆட்டம் போகும்வரை திருகி இறுக்கினான். இப்போது கை பட்டதுமே பெடல் கெட்டியாக நின்றது. இதுவல்லவா பிரேக்!

வெளியே வந்தபோது வாசலில் டெல்பர்ட், கழுத்துப்பட்டை நெரிக்க நின்றிருந்தான்.

"வண்டி ரெடியா மார்வின்? வேணும்னா நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

"ஏன், பஸ்ஸு ஓட்டுறது பத்தலையா?"

"அதுக்கில்ல. பிரேக்கு…"

"பிரேக்குக்கு என்ன?"

டெல்பர்ட் சுருட்டிக் கிடந்த தரைவிரிப்பைப் பார்த்தான். மார்வினைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கும்."

இருவருமே தங்கள் விலையைச் சொல்லாமல் தேவாலயத்துக்குப் போனார்கள்.

பிரார்த்தனை முடிந்ததும் ஆறு பேர் சவப்பெட்டியைத் தூக்கி பிக்கப்பின் பின்தட்டில் வைத்தார்கள். வைக்கோல் கட்டும் பெல்ட்டால் மார்வினே இறுக்கிக் கட்டினான். அமரர் ஊர்தியின் சொந்தக்காரர் பென்ஹாம், மாப்பிள்ளை வராத கல்யாண வீட்டு சமையற்காரரைப் போல, தன் நீளக் கறுப்பு வண்டியைக் காலியாகவே பின்னால் கொண்டுவந்தார்.

ஏழு மைல். முன்னால் மார்வின் தனியாக. பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு முப்பத்தோரு வண்டிகள். எதிரே வந்தவர்கள் ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றினார்கள். ஒவ்வொரு தொப்பிக்கும் மார்வின் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். இந்த ஒரு நாள், இந்த ஒரு சவாரி, இதில் எவனுக்கும் பங்கில்லை.

மூன்றாவது மைலில் வண்டி மந்தமானது. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். நான்காவதில் கருகல் வாடை. ஐந்தாவதில், இருபுறமும் சோளக்காடு மட்டுமே இருந்த இடத்தில், முரட்டுக் குதிரையைப்போல முனகி நின்றது. முதல் கியரிலும் அசையவில்லை. சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை.

ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

"லூமிருக்கு விலை படியல போல" என்றார் ஒரு கிழவர். "அவரு எப்பவும் பாதி வழியிலதானே திரும்பிப் போவாரு." நாலு பேர் சிரித்து, ஆர்லீனைப் பார்த்ததும் இருமினார்கள்.

பென்ஹாம் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "என் வண்டி சும்மாத்தான் வருது. மாத்திடலாமா?"

"வேண்டாம்" என்றான் மார்வின்.

"இல்ல தம்பி, அங்க பாதிரியார் வெயில்ல…"

"வேண்டாம்னேன்ல!"

டெல்பர்ட் கோட்டைக் கழற்றி ஆர்லீனிடம் கொடுத்தான். "பத்தாம் நம்பர் ஸ்பேனர் யார்கிட்டயாவது இருக்கா?" அந்த ஊர் சாவு ஊர்வலத்தில் கைக்குட்டை கேட்டால் தேட வேண்டியிருக்கும். ஸ்பேனருக்குப் பதினேழு கைகள் நீண்டன.

அவன் சரளைக் கல்லில் மல்லாந்து உள்ளே போனான். கொஞ்சம் பொறுத்து மார்வினும் குனிந்து தலையை நீட்டினான். லாக் நட்டின் முனைகளில் புதுச் சுரண்டல் பளபளத்தது. டெல்பர்ட் அதைத் தடவிப் பார்த்தான்.

"ராட நீ தொட்டியா?" குரல் வெளியே போகாதபடி கேட்டான்.

"ஆட்டம் இருந்துது."

"இருக்கணும்பா. அந்த அரை விரல் இருந்தாத்தான் ஆயில் திரும்பிப் போகும். இல்லேன்னா சூடாக ஆக பிரேக்கு தானா கவ்விக்கும்."

டெல்பர்ட் ராடைத் திருப்பினான். எங்கோ யாரோ பெருமூச்சு விட்டதுபோல் சக்கரங்கள் விடுபட்டன.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவருதான் வேண்டாம்னாரு."

"என்னன்னு?"

டெல்பர்ட் நட்டை இறுக்குவதில் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான். "பிரேக்கு லைன்ல இருந்து ஏர் எடுக்கறப்போ மேல இருந்து பெடல மிதிச்சது அவருதான். நான் கீழ இருந்தேன். காலு நடுங்குச்சு மார்வின். ரொம்ப. 'அவன் பாத்தான்னா சாவியப் புடுங்கிருவான்'னாரு."

புடுங்கியிருப்பான்தான். ஈஸ்டருக்கு ஆர்லீனிடம் அதைப் பேசி, நாள்கூடக் குறித்திருந்தான்.

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"எது?"

"அன்னைக்கு. வேலை."

"இருட்டற வரைக்கும். நடுவுல சாண்ட்விச் சாப்பிட்டோம்."

"என்ன சாண்ட்விச்?"

டெல்பர்ட் முதல்முறையாகக் கழுத்தைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தான். "ஹாம். அவரே வெட்டினாரு."

மார்வின் தலையை வெளியே எடுத்துக்கொண்டான்.

டெல்பர்ட் முதுகெல்லாம் சரளைத்தூளோடு எழுந்து, கூட்டத்தைப் பார்த்து, "பழைய வண்டி, ராடு இறுகிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம் ஆறட்டும்" என்றான். யாரும் மேலே கேட்கவில்லை. அவன் காட்டிக்கொடுத்திருந்தால் மார்வின் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பான். இந்த மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை.

பத்து நிமிஷமும் மார்வின் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்தபடியே நின்றான். டெல்பர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்த தன் காரை நோக்கி நடந்தான்.

"டேய்" என்றான் மார்வின்.

டெல்பர்ட் திரும்பினான். மார்வின் வண்டியில் ஏறினான். ஏறியவன் நிற்காமல், நீள இருக்கையில் நகர்ந்து நகர்ந்து, அந்தப் பக்கத்துக் கதவு தோளில் இடிக்கும்வரை போனான். சாவி அதன் துளையிலேயே தொங்கியது.

மீதி இரண்டு மைலும் டெல்பர்ட்தான் ஓட்டினான். தோட்டத்து வாயிலுக்கு முன்னால் பாதை செங்குத்தாக இறங்குகிறது. டெல்பர்ட் பெடலை மெல்லத் தொட்டான். பின்தட்டில் பெட்டி ஒரு நூல்கூட நகரவில்லை. பாதிரியாரின் காலடியில், அவருடைய அங்கி விளிம்பு அசையாதபடி, வண்டி நின்றது.

டெல்பர்ட் காலை எடுத்துவிட்டு இறங்கிப்போனான். மறுபக்கத்தில், பளபளக்கும் கறுப்பு ஷூ போட்ட மார்வினின் வலது கால், பெடல் எதுவும் இல்லாத வெறும் தரைத் தகரத்தை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.