குரலுக்கு இல்லாத உரிமை

காந்தி மார்க்கெட் பக்கம் மைக்செட் கடை வைத்திருந்த நசுருதீன், அறுபத்து மூன்றாம் வருடம் சென்னைக்குப் போய் டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கி வந்தார். வாங்கிய சூட்டோடு, கல்யாணக் கச்சேரிகளில் பாடிப் பிழைக்கும் லூர்துராணியின் கச்சேரி ஒன்றை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவு செய்துகொண்டார். மைக் தன்னுடையது என்பதால் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அதன்பின் போன இடமெல்லாம் அந்த டேப்தான். மன்னார்புரத்துக் கல்யாண வீட்டார் கடைக்கே வந்து, "லூர்துராணிய வேணாம்னு சொல்லிட்டோம் பாய். அதே பாட்டுதான் உங்ககிட்ட இருக்கே" என்றார்கள்.

விஷயம் தெரிந்து லூர்துராணி வந்தாள். சத்தம் போடவில்லை.

"என் குரல வச்சே என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே பாய். இதுக்கெல்லாம் சட்டம் கெடையாதா?"

சட்டம் உண்டா இல்லையா என்று நசுருதீனுக்கே தெரியாது. கொஞ்சம் பயமும் வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி வக்கீல் ரெங்கநாதனைப் பார்த்தார்.

"புதுக் காப்பிரைட் சட்டத்துல பாடறவாளுக்கு உரிமைன்னு எதுவும் சொல்லலை" என்றார் வக்கீல். நசுருதீன் நிம்மதியாக எழுந்தார். வக்கீல் கையமர்த்தினார்.

"பாட்டை எழுதினது யாரு?"

"அவங்க வீட்டுக்காரர் செபஸ்தியான். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல இருந்தாரு. தவறிட்டாரு."

"அங்கதான் சிக்கல். எழுதினவருக்கு உரிமை உண்டு. அவருக்கப்புறம் அது அந்தம்மாவுக்கு. அவங்க சம்மதம் இல்லாம சபையில போடப்படாது."

"அவங்களுக்கு இது தெரியாது சார்."

"நீங்க என் கட்சிக்காரர். போய்ச் சொல்லுங்கோன்னு நான் சொல்ல மாட்டேன். டேப்பை நிறுத்திட்டா போதும்."

நிறுத்திவிடலாம்தான். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிந்துவிட்டதே. பஸ்ஸில் திரும்பும்போது பாலக்கரையில் இறங்கி, அவள் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"தொண்டை வறளப் பாடுனது நான். அதுக்கு ஒண்ணுமில்ல. அவரு எழுதுனதுக்குத்தான் உரிமையா?"

"சட்டம் அப்படித்தாம்மா இருக்கு."

"பாட்டு எழுதுறத வெளிய சொல்லவே கூச்சப்படுவாரு பாய்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கச்சேரி வைக்க வசதியுள்ளவங்க வீட்டுல போடாதீங்க. மத்த எடத்துல போடுங்க. ஆனா போடுறதுக்கு முன்னாடி அவரு பேரையும் என் பேரையும் சொல்லணும்."

ரெங்கநாதன் அதை ஒப்பந்தமாக எழுதித் தந்தார்.

டேப் போட முடியாது என்று நசுருதீன் சொன்னதும், மன்னார்புரத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு மைக்செட் பிடித்தார்கள். லூர்துராணியையும் கூப்பிடவில்லை. அந்த வருத்தம் இருவருக்குமே இருந்தது.

சில மாதங்கள் கழித்து, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு காதுகுத்து. நசுருதீன் மைக்கில் இரு பெயர்களையும் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"எந்தச் செபஸ்தியான்? எங்க ஷாப்புல இருந்தவரா?"

"அவரேதான்."

"இத்தன வருஷம் பக்கத்துல நின்னு வேல பாத்தேன். மூச்சு விடலியே மனுஷன்."

அவர் பாட்டு முடியும்வரை ஸ்பீக்கர் அருகிலேயே நின்றார். அந்த வருட ஆயுத பூஜைக்குச் செபஸ்தியான் பாட்டுகளைப் பாடச் சொல்லி, ஒர்க்‌ஷாப் ஆட்கள் லூர்துராணியை நேரில் அழைத்தார்கள்.