திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அவள் உச்சாணி அக்கா. அந்தக் கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் முதல் பெண். ஆண்களுக்கு என்ன சம்பளமோ, அதேதான் அவளுக்கும். போட்டோ எடுத்து அலுவலகச் சுவரில் மாட்டியும் விட்டார்கள். பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டவேண்டும் என்று மட்டும் அந்த மகானுபாவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆண் ஓட்டுநர்கள் மேலே கேபினிலேயே ஒரு காலி பாட்டிலில் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அவள் என்ன செய்வாள்? வேலை முடிகிறவரை தண்ணீரைத் தொடுவதில்லை. அம்மா கொடுத்தனுப்பும் பாட்டில் அப்படியே திரும்பி வரும். வாசலில் நிற்கும் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பெரிய கம்பிக் கட்டைத் தூக்கிப் பாதி திருப்பியபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று நிறுத்தினாள். கட்டு நடுவானில் மெல்ல ஆடியது. அதற்கு நேர் கீழே ஆட்கள். தூக்கிய பாரத்துக்கு அடியில் நிற்காதே என்று பலகை வைத்தால், அந்தப் பலகை நிழலிலேயே நின்று கதை பேசுகிற கூட்டம் அது.

"என்னம்மா, நிறுத்திட்ட? தூங்கிட்டியா?" வாக்கி டாக்கியில் ஃபோர்மேன் கேட்டார். யாரோ சிரித்தார்கள். ஒருவர் பேசினால் எல்லார் கையிலிருக்கும் கருவியிலும் கேட்கும்.

"காத்து அடிக்குதுண்ணே."

"காத்தா? இங்க இலைகூட ஆடல. இறக்கும்மா."

அவளுக்கு ஒரு கொக்கி இரண்டாகத் தெரிந்தது. கை தவறினால் கீழே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்கள். வாயைத் திறந்தால், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்பார்கள். கிரேன் பழகிக்கொண்டிருக்கும் மற்றப் பெண்களின் பிழைப்பிலும் மண். அப்போது கட்டு இன்னொரு முறை ஆடியது.

"அண்ணே, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு தெரியல."

சிரிப்பு நின்றது. ஆட்கள் விழுந்தடித்து ஓடினார்கள். ஃபோர்மேன் குரல் மாறிவிட்டது. "மெதுவா... இன்னும் கொஞ்சம்... விடு, விடு... வச்சாச்சு."

கட்டு தரையைத் தொட்டதும் ஃபோர்மேன் குரல் பழையபடி ஏறியது.

"முடியலன்னா ஏம்மா மேல ஏறுன? இதுக்குத்தான் பொம்பளைங்கள..."

"உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. காலையிலேர்ந்து தண்ணி குடிக்கல. குடிச்சா எங்க போறது? நீங்களே சொல்லுங்க."

கருவியில் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது. அங்கே பெரிய இன்ஜினியர் ஒரு பெண். அவர் அதட்டினால் சிமெண்டே சீக்கிரம் இறுகும் என்பார்கள். அந்தக் குரலில் இப்போது அதட்டல் இல்லை.

"நானும் குடிக்கிறதில்ல."

"எப்பலேர்ந்து மேடம்?" அவள் கேட்டாள்.

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

இத்தனை ஆண்களை ஆட்டிவைக்கிறவரே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்திருக்கிறார். தானும் இப்படியே காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு காய்ந்து கிடப்போமோ என்று அவளுக்குக் கம்பிக் கட்டு ஆடியபோது வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது. அவள் ஏணியில் இறங்கவில்லை. அம்மா கொடுத்த பாட்டிலைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.