அடுத்தவன் பார்க்க வேண்டிய முடிச்சு

கயிற்றை நம்பலாம், மனிதனை நம்ப முடியாது. தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். கயிறு குடிக்காது. கயிறு பொய் சொல்லாது. பெண்டாட்டியின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் விற்றுக் குடிக்காது. என் மருமகன் செய்தான்.

மெஷின் போன மறுநாளே மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அவன் குடியை விட்டுவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தான். உள்ளே வந்து உட்காரமாட்டான், கதவோரமாக நிற்பான். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவான், கூட்டுவான், கக்கூஸைக் கழுவுவான். "எவ்வளவு தாழ்மை பாருங்க" என்று எல்லோரும் உருகினார்கள். நான் உருகவில்லை. கொக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்கிறது, மீன் வரும் வரைக்கும்.

மீன் வந்தது. மனைவியையும் பிள்ளையையும் திரும்ப அழைத்துக்கொள்ளலாமா என்று போதகர் மூலம் கேட்டு அனுப்பினான்.

மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்கல்ல? அவரை உங்ககூட வச்சுப் பாருங்க. நீங்க இதுவரைக்கும் யாரையுமே நல்லவன்னு சொன்னதில்ல. நீங்களே சரின்னு சொல்லிட்டா நான் கண்ணை மூடிட்டுப் போயிடுவேன்."

"சரி இல்லேன்னு சொன்னா?"

"போக மாட்டேன். அதோட முடிஞ்சுது."

சம்மதித்தேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், அவனைப் பிழிந்து பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று இருந்தது.

எங்கள் வேலை உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு துடைப்பது. எனக்கு முழங்கால் போய்விட்டதால் மொட்டைமாடியில் இருந்து கயிறு கட்டுவேன். ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் பலகை, அதில் உட்கார்ந்து இறங்க வேண்டும். இன்னொன்று இடுப்பு வாரில் மாட்டுகிற காப்புக் கயிறு. முதல் கயிறு கைவிட்டால் இது பிடிக்கும். இரண்டையும் மாடித் தரையில் பதித்த இரும்பு வளையங்களில் கட்டுவோம். முடிச்சைப் போடுகிறவன் ஒருவன், அதைப் பார்த்துச் 'சரி' சொல்கிறவன் இன்னொருவன், இது கம்பெனிச் சட்டம்.

என் மாடியில் அந்தச் சட்டம் செல்லாது. நான் கட்டுவேன். கையை உயர்த்திச் சத்தமாக ஜெபம் பண்ணுவேன். ஆமென் சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். யாராவது குனிந்து முடிச்சைப் பார்த்தால், "ஆண்டவர் பாத்துட்டாரு. நீ என்ன அவருக்கு மேஸ்திரியா?" என்பேன். பேச்சு முடிந்துவிடும். ஒட்டடைக்குச்சி போல இருப்பதால் குச்சி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவன் உண்டு. கடவுள் என்ற பேச்சே அவனுக்குக் கிடையாது. ஆனால் ஆமென் சொல்வதில் அவன் சத்தம்தான் பெரிது. "சத்தமா சொன்னாத்தான் பெரியவர் சீக்கிரம் நிறுத்துவாரு" என்பான்.

முடிச்சைப் பார்த்துப் போடுவது எனக்கு வழக்கமில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் போட்டுவிடும் என்று பீற்றிக்கொள்வேன். கொஞ்ச காலமாக அந்த விரல்களில்தான் கோளாறு. வலது கை மரத்துப் போயிருந்தது. சட்டைப் பித்தான் அகப்படவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாடியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வீட்டில் மூன்று வயிறு.

மருமகன் வேலைக்கு வந்ததிலிருந்து அவனை ஏவிக்கொண்டே இருந்தேன். மாடியிலேயே குழாய் இருக்க, கீழிருந்து படியேறித் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன்.

"பெரியவரே, இதோ குழாய் இருக்கே" என்றான் குச்சி.

"அது உனக்கு. இவனுக்குக் கீழ."

"சரிங்க மாமா" என்று போனான். அந்த 'சரிங்க மாமா' எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. வாளியோடு மூச்சு வாங்க வந்து நின்றபோது கேட்டேன், "என்னடா, மெஷினைத் தூக்கின கைதானே? வாளி கனக்குதோ?"

குச்சி சிரிக்கவில்லை. வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

மருமகன் வாளியைக் கீழே வைத்தான். "மெஷின்தான் மாமா கனம். இன்னும் இறக்கி வைக்க முடியல."

நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஏறுவதற்குள் இரண்டு பக்கமும் முடித்தாக வேண்டும். குச்சியை மேற்குப் பக்கம் இறக்கிவிட்டு வந்து மருமகனுக்குக் கட்டினேன். ஜெபம் பண்ணினேன். பண்ணிக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்து, இவன் உண்மையாக ஜெபிக்கிறானா என்று அவனையே பார்த்தேன். இமை ஒருதரம் துடித்தது, ஆனால் கண்ணை மூடித்தான் இருந்தான்.

"ஆமென். இறங்கு."

அவன் விளிம்புக்குப் போகவில்லை. வளையத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"என்னடா பண்றே?"

"முடிச்சை ஒருதரம் பாத்துக்கறேன் மாமா."

"ஜெபம் பண்ணியாச்சு."

"நானும் ஆமென் சொன்னேன் மாமா. பாத்துட்டு இறங்கிடறேன்."

"நான் போட்ட முடிச்சுல இதுவரைக்கும் ஒருத்தன் கை வச்சதில்ல. எடு கையை."

கையை எடுத்துவிட்டான். எழுந்து நின்றான். நின்றான், அவ்வளவுதான்.

"இறங்குடா."

"பாக்காம இறங்க மாட்டேன் மாமா."

எனக்கு உடம்பெல்லாம் சூடானது. கோபம்தான், ஆனால் அடியில் ஒரு சந்தோஷம். வந்துவிட்டதடா உன் சுயரூபம்! பக்கத்தில் போனேன். "சாயங்காலம் அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா உனக்குக் குடும்பமே இல்ல. தெரியுமா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா?"

"நான் விழுந்தா நான் மட்டும் போகமாட்டேன். கட்டினவர் நீங்கன்னு ஆயிடும். அதை வச்சுக்கிட்டு உங்களால இருக்க முடியாது." குரலைத் தாழ்த்தினான். "காலையில டீ டம்ளர் சுட்டுச்சு. நான் உடனே கீழ வச்சுட்டேன். நீங்க கையிலயே பிடிச்சுட்டு இருந்தீங்க. கையைப் பாருங்க, செவந்து கெடக்கு. உங்களுக்குத் தெரியவே இல்ல."

உள்ளங்கையைப் பார்த்தேன். சிவந்துதான் இருந்தது.

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல."

"அவகிட்ட?"

"இல்ல மாமா. அது நீங்க சொல்ல வேண்டியது."

மாடிக் கதவு படாரென்று திறந்தது. சூப்பர்வைசர். "என்ன பெரியவரே, காத்து ஏறுது. இன்னும் ஆள் இறங்கலயா?"

நான் முந்திக்கொண்டேன். "இவனைக் கேளுங்க. புது ஆளு, இறங்க மாட்டேங்கறான்."

"என்னப்பா, பயமா? இங்க பயந்தாங்கொள்ளிக்கு வேலை கிடையாது."

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "ஆமா சார். பயமா இருக்கு."

"அப்ப வாரைக் கழட்டிக் குடுத்துட்டுக் கீழ வந்து கையெழுத்துப் போடு. ஆள் இல்லாமலா கெடக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் கதவைப் பார்த்து நடந்தார்.

நான் ஜெயித்துவிட்டேன். கயிற்றைச் சுருட்டலாம் என்று குனிந்தேன். அப்போதுதான், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, நான் போட்ட முடிச்சை என் கண்ணால் பார்த்தேன். காப்புக் கயிற்றின் நுனி திரும்ப உள்ளே போகவே இல்லை. மேலோட்டமாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. லேசாகத்தான் இழுத்தேன். மொத்தமும் அவிழ்ந்து என் கையோடு வந்தது.

மருமகன் பார்த்துவிட்டான். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், அப்பன் துணியில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்ட பிள்ளை போல.

சூப்பர்வைசர் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கயிற்றைச் சாக்குக்குள் திணித்துவிட்டால் முடிந்தது. வேலை நிற்கும், பேர் நிற்கும். இவன் வாய் திறக்கமாட்டான் என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. 'ஆண்டவரே, என்னை மன்னியும்' என்று மனசுக்குள் சொன்னேன். சொல்வதற்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அவரிடம் சொல்வது எனக்கு எப்போதுமே சுலபம். அவர் போய் யாரிடமும் சொல்வதில்லையே.

அந்த நேரத்தில் மேற்குப் பக்கத்திலிருந்து குச்சி பாடுகிற சத்தம் கேட்டது. தாளமும் இல்லாமல் ராகமும் இல்லாமல், தொங்கிக்கொண்டே பாடுவான் அவன்.

குச்சிக்கும் கட்டினது நான்தான்.

"சார்!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "சார், நில்லுங்க! இவனுக்கு பயமில்ல. இதைப் பாருங்க, நான் போட்ட முடிச்சு. இழுத்தா கையோட வருது. என் விரல்ல உணர்ச்சி இல்ல சார், மறைச்சுட்டேன். குச்சி அந்தப் பக்கம் தொங்கறான்!"

சூப்பர்வைசர் ஓடினார். நானும் ஓடினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பாதியில் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மருமகன் என்னைத் தாண்டி ஓடினான். "அது சரியா இருக்கு மாமா! பயப்படாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனான்.

நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருவரும் வளையங்களுக்கு முன்னால் குப்புறப் படுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரின் கழுத்தில் வேர்வை ஓடியது. "ரெண்டும் பிடிச்சிருக்கு" என்றார்.

கீழிருந்து குச்சி கத்தினான். "மேல என்னய்யா கூத்து? பாட்டு புடிக்கலேன்னா சொல்லுங்க, நிறுத்தறேன்!"

"அப்படியே தரைக்கு எறங்குடா!" என்று சூப்பர்வைசர் கத்தினார். குச்சி தரையைத் தொடும்வரை எங்களில் யாரும் அசையவில்லை.

பிறகு அவர் மருமகனிடம் திரும்பினார். "சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "குச்சியண்ணனுக்கு மாமா ஜெபம் பண்ணும்போது கண்ணைத் திறந்து பாத்துட்டேன் சார். என் முறையிலயும் லேசா திறந்தேன். மாமா என்னையே பாத்துட்டு இருந்தாரு. மூடிட்டேன்."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். என் தோளில் கை வைத்தார். "நாளையிலேருந்து மேல வராதீங்க பெரியவரே. கீழ ஏதாவது இருக்கான்னு பாக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

லிஃப்டில் நானும் மருமகனும் மட்டும் இறங்கினோம். "பயம்னு ஏன்டா பொய் சொன்னே?" என்றேன்.

"பொய் இல்ல மாமா. தொடையெல்லாம் நடுங்கிட்டுதான் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்தோம். அவன் வழக்கம்போல வாசலிலேயே நின்றுகொண்டான். மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னப்பா, இவ்வளவு சீக்கிரம்? அவரும் வந்திருக்காரு? சொல்லுங்க. சரியா, இல்லையா?"

"முதல்ல இதைப் பாரு." கையை நீட்டினேன்.

பார்த்தாள். விரலை அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

"எத்தனை நாளாப்பா?" அவள் குரல் ஏறியது. "இந்தக் கையை வச்சுக்கிட்டா கயிறு கட்டினீங்க? ஊர்ல ஒருத்தரை விடாம குத்தம் சொல்வீங்க, உங்க கையை மட்டும் சொல்ல வாய் வரலயா?"

வரவில்லைதான். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்துவிட்டு, "சரி, அவரைப் பத்தி?" என்றாள்.

"என்னைக் கேக்காதே. முடிச்சையே பாக்காதவன் நான், மனுஷனைப் பாத்து என்னத்தைச் சொல்றது? இன்னிக்கு அவன் இல்லேன்னா என் முடிச்சு என்னிக்காவது ஒரு உயிரை வாங்கியிருக்கும். அது உண்மை. அவன் உன் மெஷினை வித்ததும் உண்மை. நீயே கூப்பிட்டுக் கேளு. நல்லா இழுத்துப் பாரு. எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கோ."

"நீங்க சொன்னா கண்ணை மூடிட்டுப் போறேன்னு..."

"கண்ணை மூடாதே."

அவள் வாசலுக்குப் போனாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவளும் நின்றுகொண்டே கேட்டது என் காதில் விழுந்தது.

"மெஷினை யாருக்கு வித்தீங்க?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். அது நான் கேட்க வேண்டியது இல்லை. அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றப் பார்த்தேன். மேல் பித்தான் அகப்படவில்லை. யாரையாவது கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடுகிறேன். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.