பின்னால் ஒரு ஆள் கூடுதல்

"அவரு ஏங்க வாளியைக் கவுத்துப்போட்டு உக்காந்திருக்காரு? நாற்காலி குடுக்க மாட்டாங்களா?"

"அதான் பியெல்சா. ஃபுட்பால் கோச்சு, அர்ஜென்டினாக்காரரு. பெரிய பெரிய மேனேஜருங்களே இவருகிட்ட கத்துக்கிட்டோம்னு சொல்றாங்க."

"என்ன, வாளி மேல உக்காரவா?"

ராஜ்குமார் சிரித்த சிரிப்பில் காபி லேப்டாப் மேல் சிந்தப் பார்த்தது. கல்யாணமான இரண்டாவது மாதம் அது. அந்தப் பேச்சு குந்தவைக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. உனக்கு இதெல்லாம் புரியாது என்று அவன் சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தான். அன்றைக்கு அவனை அவ்வளவு பிடித்துப்போனது.

மன்னார்குடியில் செல்போன் கடை வைத்திருந்த ராஜ்குமாருக்கு, ஷட்டரை இறக்கிவிட்டு வந்தால் உலகமே லேப்டாப்பில் ஆடும் ஃபுட்பால் மேனேஜர் கேம்தான். அதில் பந்தை நாம் உதைக்க முடியாது. ஒரு கிளப்பின் மேனேஜராக இருந்து, யார் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்று முடிவு செய்துவிட்டு, ஆட்டத்தை வேடிக்கைதான் பார்க்கவேண்டும். பியெல்சாவின் ஆட்டத்தை அந்த கேமில் அப்படியே கொண்டுவந்து, தன் யூடியூப் சேனலில் தமிழில் விளக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பந்து பறிபோன நொடியே பாய்வது, ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு துரத்துவது என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தான். அவன் அணி ஆட்டத்துக்கு ஆட்டம் கோலாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

அவன் கடையில் இருந்த நேரங்களில், கணிதம் படித்த குந்தவை சமையலுக்கு நடுவே பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி ஆளை நிறுத்துறீங்க. அவரு அப்படி இல்லங்க. எதிராளி முன்னால ரெண்டு பேரை விட்டா இவரு பின்னால மூணு பேரு. ஒருத்தனை விட்டா பின்னால ரெண்டே பேரு. எப்பவும் ஒரு ஆள் கூடுதல். அதுக்கு மேல கிடையாது."

பிசைந்த சோற்றோடு அவன் கை நின்றது. "ஒனக்கு எப்படித் தோணுச்சு?"

"எங்க அப்பா மடைக்கு ஆள் அனுப்புறது அப்படித்தான்."

குந்தவையின் அப்பா நிலம் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் மேலே இருக்கிறவர்கள் வந்து மடையை அடைத்துவிட்டுப் போவார்கள். "அவன் ரெண்டு பேரு வந்தா நாம மூணு பேரு நிக்கணும். நாலாவது ஆளு அங்க எதுக்கு? போயி நாத்துப் பறிக்கட்டும்" என்பார் அப்பா. அவள் கல்லூரியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார்.

அந்த சீசனில் ராஜ்குமாரின் அணி தோற்கவே மறந்தது. அதைப் பற்றி அவன் போட்ட வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள். அடுப்படியில் குழாயை மூடிவிட்டுக் குந்தவையும் கேட்டாள். "தூக்கமில்லாம மண்டையை ஒடச்சிக்கிட்டுக் கண்டுபிடிச்சேன் மக்களே" என்றான். அவள் பெயர் வரவில்லை.

அடுத்ததில் வரும் என்று இருந்தாள். அடுத்ததில், "நம்ம அசிஸ்டன்ட் ஒருத்தர் இருக்காரு" என்றான். கமெண்டில் ஒருவன் 'அசிஸ்டன்ட் அண்ணன் மாஸ்' என்று எழுதியிருந்தான்.

"பாரு புள்ள, ஒன்னைப் போயி அண்ணங்கிறான்!" என்று விழுந்து விழுந்து சிரித்துக் காட்டினான். அவளும் சிரித்து வைத்தாள்.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்கினால் அது பிச்சை மாதிரி இருக்கும் என்று தோன்றியது. தானாக ஒரு நாள் சொல்லமாட்டானா? ஒவ்வொரு வீடியோவுக்கும் அவள் குழாயை மூடினாள். ஆட்டங்களைப் பார்த்து எழுதிக் கொடுப்பது முழுக்க அவள் வேலையானது. மாமியார் பிரகதாம்பாள் மட்டும், "அவன் பேசறப்ப அந்தப் பக்கம் போவாதடி, படத்துல நீ விழுந்துடப்போற" என்று அவ்வப்போது எச்சரித்தாள்.

சென்னையிலிருந்து ஒரு ஃபுட்பால் சேனல் அவனை நேரலைக்கு அழைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் புதுச்சட்டையில் கேமரா முன் உட்கார்ந்தான். கேமராவுக்குத் தெரியாத மூலையில் குந்தவை செல்போனோடு உட்கார்ந்தாள். கேள்வி வந்ததும் அவள் பதிலை டைப் செய்வாள். அது அவன் முன்னால் இருந்த டேப்லெட்டில் தெரியும். இது அவர்களுக்குள் வழக்கம்தான்.

"சார், இந்த ஒரு ஆள் கூடுதல் மேட்டர் எப்படி சார் புடிச்சீங்க?" என்றான் பேட்டி எடுப்பவன்.

குந்தவை டைப் செய்யத் தொடங்குமுன்பே ராஜ்குமார் பேச ஆரம்பித்துவிட்டான்.

"நாங்க டெல்டாக்காரங்க பாருங்க. எங்க அப்பா தண்ணிச் சண்டைக்கு மடைக்கு ஆள் அனுப்புவாரு. அவன் ரெண்டு பேரு வந்தா நாம மூணு பேரும்பாரு. சின்ன வயசுல கூடவே போயிப் பாத்திருக்கேன்."

அவன் அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர். அந்தக் குடும்பத்துக்கு வயல் என்று ஒரு குழிகூட இருந்ததில்லை.

"செம்ம சார்! அப்பா பேரு?"

"தட்சிணாமூர்த்தி."

"தட்சிணாமூர்த்தி ஐயாவுக்கு எல்லாரும் கமெண்ட்ல ஒரு சல்யூட் போடுங்க!"

போட்டார்கள். அந்தப் பெயர் திரையில் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. குந்தவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சார், பாதி ஆட்டத்துல எதிராளி மூணாவதா ஒரு ஃபார்வர்டை எறக்கிட்டா? பின்னால நாலு பேரை வச்சா நடுவுல ஓட்டை விழுமே, பியெல்சா என்ன செய்வாரு?"

ராஜ்குமார் டேப்லெட்டைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. "நல்ல கேள்வி" என்றான். மறுபடியும் பார்த்தான். "ரொம்ப நல்ல கேள்வி. ஒரு நிமிஷம் சார், இங்க நெட்டு கொஞ்சம்…"

மைக்கை அணைத்தான். கேமராவுக்காகச் சிரித்த முகம் மாறாமல், பல்லுக்கு நடுவே பேசினான்.

"என்ன புள்ள, நெட்டு போச்சா?"

"இருக்கு."

"ஒனக்குத் தெரியலையா?"

"தெரியும்."

"அப்பறம் என்ன? டைப் பண்ணு, மானம் போவுது. எதா இருந்தாலும் முடிஞ்சப்பறம் பேசிக்கலாம். இப்ப ஒனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை!"

குந்தவை செல்போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"எங்க அப்பா பேரு வீரையன். எம் பேரு குந்தவை. மைக்கைப் போட்டு ரெண்டையும் சொல்லுங்க."