அவரைக்கொடி

பனி விலகுமுன்பே வீராயியின் முதுகில் டேங்க் ஏறிவிடும். வார் தோளை அறுக்கும். மூடியில் கசிகிற களைமருந்து ரவிக்கையை நனைத்து இடுப்புவரை இறங்கும். ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் ஏறவேண்டும். முன்பெல்லாம் பெண்கள் வரிசைகட்டிக் கொத்தால் களை வெட்டிய காடு இது. மூன்று டேங்க் போதுமென்று மற்றவர்களை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மழை பெய்தால் மருந்து எங்கே போகும்? கீழே தோட்டக்கூலிகள் குடியிருக்கும் லைன் வீடுகளின் ஊற்றுக்குத்தான். அடித்த விஷத்தைத் தானே மொண்டுவந்து பிள்ளைக்கு ஊற்றவேண்டும். அடிக்கமாட்டேன் என்றால் முதலாளி கொடுத்த வீடு போய்விடும். இதுவும் ஒரு பிழைப்பா?

வேலை போன சுகுணாதான் தண்ணீருக்கு ஒரு வழி கொண்டுவந்தாள். பக்கத்து ஊரான செம்மநத்தத்தில் யாரோ செய்து காட்டினார்களாம். காப்பித் தொலியை மூடிய டின்னில் கரியாக்கி, நொறுக்கி, மணலோடு டிரம்மில் நிரப்பித் தண்ணீரை வடியவிட்டால், மருந்தில் பெரும்பங்கைக் கரி பிடித்துக்கொள்ளும். செய்தார்கள். நாற்றம் போயிற்று. கரியை மட்டும் அவ்வப்போது மாற்றவேண்டும். அடுப்புக்கரியும் சாம்பலும் அவரைப் பந்தலடிக்குப் போவதுதானே லைன் வழக்கம்? வீராயி பழைய கரியையும் அவரைக்கொடியின் தூரில் கொட்டினாள். கொஞ்ச நாளில், மருந்தடித்த களையைப் போலவே, பூவும் பிஞ்சுமாகக் கொடி வெளுத்துச் சுருண்டது. சுருண்ட கொடியில் ஒரு துண்டை ஒடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஊற்றுக்கு நேர்மேலே இருக்கும் காட்டுக்கும் மருந்தடிக்க உத்தரவு வந்தது. விடிகாலையில் முதலாளி கமலக்கண்ணனே மருந்து ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க மொதலாளி, ஊத்துக்கு மேல மட்டும் வேண்டாமுங்க" என்றாள் வீராயி. "அங்க கொத்துல வெட்டிக்கலாமுங்க."

"அதான் கரி டிரம் வெச்சிருக்கீங்களே. தண்ணி சுத்தமாயிருது. அப்புறம் எவ்வளவு அடிச்சா உங்களுக்கென்ன?"

பிழைக்கத் தேடிய வழியையே கழுத்துக்குச் சுருக்காக்குகிறானே பாவி!  மடியிலிருந்த கொடியை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"டிரம்முக் கரியக் கொட்டுனதுக்கே இந்தக் கதிங்க. கரி புடிச்சது இதுல தெரியுது. புடிக்காம உட்டது எங்க வவுத்துல இருக்குதுங்க."

"டேங்கை எடு. இல்லேன்னா பொழுதுசாய வீட்டைக் காலி பண்ணு."

 அந்த ஒற்றை அறையை விட்டால் அடிவாரத்தில்கூட அவளுக்குப் போக்கிடமில்லை. ஆனாலும் வாரைக் கழற்றி டேங்கை மண்ணில் இறக்கினாள். பக்கத்தில் இரண்டாம் டேங்கோடு நின்ற பொன்னாயியும் இறக்கினாள். முதலாளி முன்னால் இதுவரை வாயே திறக்காத மூன்றாமவர் பெரியசாமி தன் டேங்கையும் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன ஊட்டைங்க காலி பண்ணுவீங்க?"

முதலாளி ஜீப்பில் ஏறிப் போனார். போலீஸோடு திரும்புவாரோ, பூட்டோடு திரும்புவாரோ.

லைன் பக்கமிருந்து சுகுணாவும் நிறுத்தப்பட்ட பெண்களும் வந்தார்கள். கையில் களைக்கொத்து.

"களையே இல்லாத காட்டுக்கு என்னத்த அடிப்பாங்க, அக்கா?" என்றபடி வீராயியிடம் ஒரு கொத்தை நீட்டினாள் சுகுணா.

யாரும் கூலி பேசவில்லை. ஊற்றுக்கு மேலே வரிசைகட்டி நின்றார்கள். கீழே ஜீப் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. வீராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து முதல் களையை வெட்டினாள்.