லேடில் காயும் நேரம்

விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கு நான் பொரி வறுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஆயுத பூஜைக்குப் படைத்த பொரி. அம்மா டப்பாவைச் சரியாக மூடவில்லை. இரவு தூறலில் நமத்துப் போயிருந்தது. எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் சிறுதீயில் புரட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். அப்போதுதான் கோபி போன் செய்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கரண்டியை விடாமல் பேசினேன்.

கோபிநாத் என் தம்பி. உலோகவியல் பொறியியல் கடைசி வருடம். ஏழாவது செமஸ்டரில் ஆறு வாரம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுத்து, அங்கே கையெழுத்து வாங்கி வந்து காட்டினால்தான் அந்தப் பாடம் பாஸ். கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு பவுண்டரியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று நாலாவது வாரம் முடிகிற புதன்கிழமை.

"என்னக்கா கரண்டிச் சத்தம்? பொரியா?"

"ஆமா, நமத்துப் போச்சு. அங்க ஒனக்குப் பொரி குடுத்தாங்களா?"

"மூட்டையா குடுத்தாங்க. நேத்து ஒரே கூத்து. பர்னஸுக்கு மாலை, கிரேனுக்கு வாழக்கன்னு. எனக்கும் ஒரு பொட்டு வச்சுவிட்டாங்க. நானும் ஒரு மெசினாம்."

"பரவால்ல, அங்கயாவது ஒன்ன வேலை செய்யிற பொருள்னு நெனச்சாங்களே."

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரு விசயம். நேத்து லேடிலையும் கழுவிட்டாங்க."

லேடில் என்பது உருகிய இரும்பை உலையிலிருந்து வாங்கி அச்சுகளில் ஊற்றுகிற பெரிய வாளி. கிரேனில் தொங்கும். உள்பக்கம் முழுவதும் சூடு தாங்கும் மண்ணைக் கனமாகப் பூசியிருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் படித்தது பி.காம்., வேலை பார்ப்பது அரிமளத்தில் ஒரு இ-சேவை மையத்தில். ஆனால் மூன்று வருடமாக அவனுடைய ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்பேன், அவன் சொல்வான். இரும்பு எந்தச் சூட்டில் உருகும், கசடு ஏன் மேலே மிதக்கும், சுண்ணாம்புக்கல் எதற்கு. கேட்டுக் கேட்டே பாதிப் பாடம் எனக்கு மனப்பாடம். அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. "கொல்லன் பட்டறைக்குப் போறதுக்கு நாலு வருசப் படிப்பா?" என்பார்.

"கழுவாமப் பொட்டு வைப்பாங்களா?" என்றேன்.

"வெளிய தொடச்சாப் போதும்க்கா. ஓஸ் பைப்பைப் புடிச்சு உள்ளயும் அடிச்சிட்டாங்க. பூச்சு பூரா தண்ணி குடிச்சிருக்கும். மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் தெரியும். இப்பத்தான் பர்னர் வச்சிருக்காங்க, ரெண்டு மணி வரைக்குமாவது எரியணும். ஆனா பதினொன்னே முக்காலுக்குள்ள மொத ஹீட் இரும்பை உருக்கி ஊத்தணுமாம். முதலாளி வீட்டுல நேரம் குறிச்சிட்டாங்க. விட்டா ராகு காலம் வந்துருமாம்."

"அதுக்கு?"

"சூப்பர்வைசர்ட்ட சொல்லவான்னு பாக்குறேன்."

அடுப்பில் பொரி பதமாக வந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். நான் சொன்னது இதுதான், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஒனக்கு எதுக்குடா வம்பு? இருவது வருசமா ஊத்துறவங்களுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு? ஒன் பேப்பர்ல கையெழுத்துப் போடப்போறது அந்த ஆளுதானே? இன்னும் ரெண்டு வாரம். பேசாம இரு. பயமா இருந்தா தள்ளி நின்னு பாரு."

"சரிக்கா. பொரியில வெல்லம் போட்டு எடுத்து வை. தீவாளிக்கு வாரேன்" என்று வைத்துவிட்டான்.

பன்னிரண்டரை மணிக்குக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் கூப்பிட்டார். விபத்து என்றார், வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது என்று சொன்னேன். அவர் அப்படிக் கேட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்திருக்கிறது. மறுநாள் அவனை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்கவில்லை.

என்ன நடந்தது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈரமான பூச்சின்மேல் ஆயிரத்து அறுநூறு டிகிரியில் இரும்பு விழுந்தால், அடியில் சிக்கிய தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகும். ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். விரிவதற்கு இடம் கிடையாது. மேலே இருக்கும் இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும். இந்த பதிலையும் நான் அவனிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் அன்று காலையில், நமத்த பொரியின் ஈரத்தைப் போக்கிக்கொண்டே, அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

அம்மாவிடம் அந்த போனைப் பற்றி, "தீவாளிக்கு வாரேன்னு சொன்னான்" என்பதை மட்டும் சொன்னேன்.

நான் உட்காரும் இடத்தில் நாள் முழுக்க மற்றவர்களுக்காக மனு எழுதுவேன். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, காணாமல்போன ஸ்மார்ட் கார்டு. எந்த மனு எந்த மேசையில் நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி. தம்பிக்காக நானே ஏழு மனு போட்டேன். ஏழுக்கும் ஒப்புகை வந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லேடில் ஈரமாக இருந்தது என்று அறிக்கையில் எழுத வேண்டும். பவுண்டரிக்காரர்கள் கொடுத்த கடிதத்தில் வேறு மாதிரி இருந்தது. பயிற்சி மாணவர் அனுமதியில்லாமல் ஊற்றுமிடத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார், அவருடைய கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கோடுதான் எனக்கும் புரியவில்லை. தள்ளி நில் என்று சொன்னேன். ஏன் கிட்டப் போனான்?

ஜனவரியில் விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒருவர் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்திலிருந்து வலது கை முழுவதும் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"ரத்தினவேலும்மா. மணமேல்குடி. அந்த பவுண்டரியில லேடில் வீல் புடிக்கிறது நாந்தான்" என்றார்.

லேடிலைச் சாய்த்து ஊற்றுவதற்குப் பக்கவாட்டில் ஒரு சக்கரம் இருக்கும். அதைச் சுற்றுகிறவர். உள்ளே வரச் சொன்னேன். அம்மா அவருடைய கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனார்.

"ஒரு விசயம் சொல்லிட்டுப் போகலாம்னுதான் பஸ் ஏறுனேன்" என்றார். "தம்பி சொன்னாரும்மா."

"என்ன சொன்னான்?"

"லேடில் காயலைன்னு. ஒன்பது மணிக்கு ஒரு தரம் சொன்னாரு, பதினொரு மணிக்கு ஒரு தரம் சொன்னாரு. சூப்பர்வைசரு சிரிச்சாரு. 'தம்பி, ஒங்க புஸ்தகத்துல ராகு காலம் எத்தன மணிக்குப் போட்டிருக்கு?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன்."

நான் சொன்னதை அவன் கேட்கவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"அப்பறம் ஏன் உள்ள வந்தான்?"

ரத்தினவேல் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சூப்பர்வைசரு 'பயமா இருந்தா வெளிய போயி டீ குடிங்க'ன்னுட்டாரு. தம்பி தூணுக்கு அங்கிட்டு போயி நின்னாரு. பர்னஸைச் சாய்க்க ஆரம்பிச்சிட்டாங்க. நா பூஜை நாளுன்னு முகத்துக்கு ஒண்ணும் போடல. பொட்டு அழிஞ்சிரும்னு. தம்பி அதப் பாத்துட்டு, முகமூடிக் கண்ணாடியத் தூக்கிட்டு ஓடியாந்தாரு. 'அண்ணே, இதையாவது மாட்டுங்க'ன்னாரு. என் ரெண்டு கையும் வீல்ல இருந்துச்சு. அவரேதான் மாட்டிவிட்டாரு. பின்னாடி வாரைப் போட்டுக்கிட்டு இருந்தப்பதான்..."

அவர் கையிலிருந்து கழுத்துவரை ஏறிய தழும்பு கன்னத்தைத் தொடாமல் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன.

அம்மா டீயுடன் வந்தார். ரத்தினவேல் இடது கையால் டம்ளரை வாங்கினார். அம்மா இருக்கும்வரை மழை, பஸ், மணமேல்குடியில் மீன் வரத்து என்று பேசினார். அம்மா உள்ளே போன பிறகு நான் கேட்டேன்.

"அண்ணே, வியாழக்கெழமை விசாரணையில இதச் சொல்லுவீங்கள்ல?"

"சொல்ல மாட்டேன் ஆத்தா." கேள்விக்காகவே காத்திருந்தவர்போல உடனே சொன்னார். "இன்னும் ரெண்டு ஆபரேசன் பாக்கி இருக்கு, கம்பெனிதான் பாக்குது. கை நல்லானதும் வாட்ச்மேன் வேலை தாரேன்னு சொல்லியிருக்காங்க. மக பன்னெண்டாவது. இந்தக் கைய வச்சுக்கிட்டு நா எங்க போயி நிக்க? கேட்டா எதுவும் ஞாபகம் இல்லம்பேன். நீயும் என் பேரச் சொல்லிராத. ஒன் காலுல வேணா விழுகுறேன்."

நிஜமாகவே எழுந்திருக்கப் போனார். நான் அவரைத் தடுத்து உட்காரவைத்தேன். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணை கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி ஒரு பெண்மணி. பொறுமையாகத்தான் கேட்டார். நான் கோபியின் ஹாஸ்டல் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு காகிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஆறாவது செமஸ்டரில் அவன் எழுதிய உள்தேர்வுத் தாள். அதில் லேடிலைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. மேசைமேல் வைத்தேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, தாளை என் பக்கமே நகர்த்தினார்.

"இத நான் ஃபைல்ல சேத்தா ஒங்களுக்குத்தான் கஷ்டம்மா. ஈரமா இருந்தா ஆபத்துன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குங்கறதுக்குத்தான் இது ஆதாரம். தெரிஞ்சும் ஏன் கோட்டைத் தாண்டினாருன்னு அவங்க வக்கீல் கேப்பாரு."

"அன்னைக்குக் காலையில எனக்கு போன் பண்ணி லேடில் ஈரமா இருக்குன்னு சொன்னான் மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். எட்டு மணிக்குச் சொன்னதை அங்கேயும் அப்படியே சொன்னேன். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"அதுக்கப்பறம் அவர் அங்க யார்கிட்டயாவது சொன்னதா ஒங்களுக்குத் தெரியுமா? யாராவது ஒங்ககிட்ட சொன்னாங்களா?"

சுவரோரம் கிடந்த பெஞ்சில் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த சட்டை. வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தார். அவருக்கு இரண்டு இடம் தள்ளி சூப்பர்வைசர். ரத்தினவேல் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களை நான் பார்த்தேன்.

"தெரியாது மேடம்" என்றேன்.

ரத்தினவேலைக் கூப்பிட்டபோது அவரும் அதையே சொன்னார்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை ஒரே ஆட்டோவில் போகலாம் என்று ரத்தினவேல் பின்னாலேயே வந்து நின்றார். நான் வேறு ஆட்டோவில் ஏறினேன். புதுக்கோட்டை வந்து சேரும்போது அரிமளத்துக்குக் கடைசி பஸ் போயிருந்தது.

மார்ச் மாதம் அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. லேடிலின் ஈரப்பதம் குறித்து இறந்தவர் தொழிற்சாலையில் எவரிடமும் தெரிவித்ததற்குச் சாட்சியம் இல்லை. ஊற்றும் வேளையில் அவர் தகுந்த காரணமின்றித் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்துள்ளார்.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். இருபத்தொன்பது நாளும் நான் அந்த மனுவைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். காரணம் என்ற கட்டம் வரை வந்து நிற்பேன். அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை எழுதாமல் எதையும் எழுத முடியாது. முப்பதாம் நாள் மாலை ஐந்தே முக்காலோடு மேல்முறையீட்டுப் பக்கம் மூடிக்கொண்டது. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் ஆதாரில் பிறந்த தேதி மாற்றுவதற்காகக் காத்திருந்தார். அவரைக் கூப்பிட்டேன்.

அறிக்கையையும் தேர்வுத் தாளையும் ஒரே உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். எப்போதாவது எடுத்தால் தாளை மட்டும் பார்ப்பேன். கேள்வி எண் ஆறு. உருகிய உலோகம் ஊற்றுமுன் லேடிலை ஏன் சூடாக்க வேண்டும்? நீல மையில் அவனுடைய சாய்ந்த கையெழுத்தில் மூன்று வரி பதில். பக்கத்தில் சிவப்பு மையில் போட்டிருக்கிறது, இரண்டுக்கு இரண்டு.